நாச்சிமுத்துவின் லேத்தில் ஆடியது

தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்திவிட்டு ரிட்டையரான நாச்சிமுத்து, ஆசைக்கு இரும்பு கடைகிற ஒரு சின்ன லேத் வாங்கிக் கார் ஷெட்டில் வைத்தார். குருவாக வரித்தது ரங்கநாயகியை. கணபதி ஏரியாவில் சொந்தப் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்குத் தண்டு கடைகிறவர். குருவுக்கு வயது முப்பத்து நாலு, சீடருக்கு அறுபத்தொன்று.

மனைவி சரோஜினியின் தையல் மெஷினில் தண்டு முறிந்தபோது வினை ஆரம்பித்தது. பழைய மெஷின்; அந்தத் தண்டு கடையில் கிடைப்பதில்லை. ரங்கநாயகியிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. மனுஷன் சும்மா இருந்தாரா, தன் கையாலேயே கடைந்து தருவதாக வாயை விட்டுவிட்டார். மூன்று வாரம் ஓடிவிட்டது. கல்யாண வீட்டு ரவிக்கைகள் வெட்டினபடி கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் தண்டு வராவிட்டால் லேத் பழைய இரும்புக்குப் போகும் என்று சரோஜினி சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

இரும்பில் அதைச் சீவும் டூல் பட்டதும் லேத் நடுங்கிக் கத்தும். தண்டின்மேல் வரிவரியாகத் தடம் விழும். டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்தான் ஆடுகிறது என்று நினைத்து, பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினார். கத்தியது. இன்னும் நாலு போல்ட் போட்டு முறுக்கினார். டூலுக்கு அடியில் தகட்டுமேல் தகடாக ஏழு தகடு சொருகினார். இன்னும் கூடுதலாகக் கத்தியது. புதன்கிழமை குருவிடம் ஓடினார்.

ரங்கநாயகி வந்தார். லேத்தை ஓடவிடவே இல்லை. டூல் போஸ்ட்டுக்குக் கீழே, சாய்வாகக் கடைவதற்கென்று, கைப்பிடியைச் சுற்றினால் நகரும் ஒரு ஸ்லைடு உண்டு. அது அடிப்பலகையோடு சேரும் இடத்தில் நாச்சிமுத்துவை விரல் வைக்கச் சொல்லிவிட்டு, டூலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். விரலுக்கடியில் ஏதோ நகர்ந்த மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது.

"இந்த ஸ்லைடை எப்பங்க சுத்துனீங்க?"

"சுத்துனதே இல்லீங்க அம்மணி. என்னைக்காச்சும் வேணுமேன்னு..."

ரங்கநாயகி ஸ்லைடைக் கழற்றினார். அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார். மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

நாச்சிமுத்துவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. பலம் வேண்டும் என்று கேட்டால் நிற்கிற காலையே பிடுங்கிக்கொண்டு போகிறாரே! ரிப்பேருக்கா, தண்டனைக்கா? போன் செய்து கேட்டால் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை முழுக்க லேத்துக்கு எதிரே நாற்காலி போட்டுக் குழம்பினார். பழைய இரும்புக்காரர் வந்து லேத்தை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனார். நாச்சிமுத்து நாற்காலியை லேத்துக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளி காலை ரங்கநாயகி மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஸ்லைடு இருந்தது. கூடவே அதே உயரத்தில் ஒரு இரும்புக் கட்டை. கைப்பிடி இல்லை, திருகு இல்லை, வெறும் கட்டை. ஸ்லைடு இருந்த இடத்தில் கட்டையை முறுக்கி, அதன்மேல் டூல் போஸ்ட்டை வைத்தார். ஏழு தகட்டையும் உருவிவிட்டுத் தடியாக ஒரே இரும்புத் துண்டு வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

நாச்சிமுத்து பயந்து பயந்து டூலை நகர்த்தினார். லேத் கத்தவில்லை. இரும்பு சுருள் சுருளாக வந்து விழுந்தது.

கடைந்து முடித்த தண்டைச் சரோஜினி விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோனார். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். ஸ்லைடைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்னென்னமோ சேத்தேன், ஆடுச்சு. நீங்க ஒண்ணை எடுத்தீங்க, நின்னு போச்சு. எனக்கு ஒண்ணும் விளங்கலீங்க அம்மணி."

ரங்கநாயகி மஞ்சப்பையை மடித்தார்.

"நீங்க சேத்ததெல்லாம் அது மேலதானுங்களே சார் நின்னுச்சு."