இரண்டாவது கிரேன்

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடிக் கடற்கரையில் இந்த விநோதத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது.

குரு ஜெனோவா, கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்ப்பவள். ஒழிந்த நேரத்தில் கண்டெய்னர் கப்பல்களைப் படம் எடுப்பாள். சரக்கு ஏற்றி இறக்கச் சில கப்பல்கள் தங்கள் மேலேயே கிரேன்களைச் சுமந்துகொண்டு வரும். போன தடவை இருந்த கிரேன் இந்தத் தடவை இல்லையென்றால் அதைக் குறித்துக்கொள்வாள். சீடர் தங்கப்பழம் அண்ணாச்சி, மக்ரூன் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஒரு கேமராவோடு அவளிடம் வந்து சேர்ந்தவர்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஊர் ஊராகக் கப்பல் பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸப் குழுவில், ஒரு மாற்றத்தை முதலில் சொன்னவர் பெயரைப் படத்துக்குக் கீழே போடுவார்கள். அங்கே தன் பெயர் வர வேண்டும். ‘வேலையத்த வேலை’ என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மகனிடம் அதைக் காட்ட வேண்டும்.

அன்று காலை அண்ணாச்சி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“குருவம்மா! கோரல் மின்னா வந்திருக்கு. ரெண்டு கிரேன் வச்சிருந்த கப்பல். இப்ப ஒண்ணுதான்! குழுவுல போட்டுரட்டுமா?”

ஜெனோவா படத்தைப் பார்த்தாள். அதில் கப்பல் நேருக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

“பக்கவாட்டுல பாத்தியளா அண்ணாச்சி?”

“எங்க பாக்க? நேரா வந்துச்சு, அப்படியே ஹார்பர் குடோனுக்குப் பின்னால போயிட்டு.”

“பெறகு ஒரு கிரேன் போயிட்டுன்னு எப்படிச் சொல்லுதிய?”

“படத்துல ஒண்ணுதானம்மா இருக்கு!”

அவள் அவர் முழங்கையைப் பிடித்து ரோட்டோரமாக நடத்திப் போனாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“எதுத்தாப்புல எத்தனை லைட் கம்பம்?”

“ஒண்ணு.”

ஓர் எட்டு இடப்பக்கம் நகர்த்தினாள். முதல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு கம்பம் எட்டிப் பார்த்தது.

அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிற்று. “அப்ப ரெண்டும் இருக்குங்கியாம்மா?”

“இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நாளைக்குக் கப்பல் வெளிய போகும்லா, தெக்க திரும்பையில பக்கவாட்டுல பாத்துக்கிடலாம்.”

“அதுக்குள்ள வேற யாரும் போட்டுட்டா?”

“போடட்டும்.”

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போயும் போயும் இந்தப் பெண்ணிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்றுகூட நினைத்தார். அன்று முழுக்கக் கை போனுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. ஆனாலும் போடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கப்பல் வெளியே வந்து தெற்கே திரும்பியது. நீளவாட்டில் முழுசாகத் தெரிந்தது. முன்னால் ஒரு கிரேன். பின்னால் இருந்ததை அறுத்தெடுத்துவிட்டு, மிச்சக் கட்டைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அண்ணாச்சி படம் எடுக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எந்த ஊரில் அறுத்திருப்பார்கள்? எதற்காக? அறுத்த கிரேனை என்ன செய்திருப்பார்கள்? கேட்டுக்கொண்டே இருந்தார். கப்பல் கொஞ்ச தூரம் தள்ளிப் போன பிறகுதான் கேமரா ஞாபகம் வந்தது.

எடுத்த கையோடு போனைத் திறந்தார். கப்பல் இங்கே வருமுன் கொழும்பில் நின்றபோது எடுத்த படத்தோடு, கொழும்புக்காரர் ஒருவர் மத்தியானமே செய்தியைப் போட்டிருந்தார். கீழே அவர் பெயர், கைதட்டல் பொம்மைகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவரும் நேருக்கு நேராத்தானம்மா எடுத்திருக்காரு! நேத்தே போட்டிருந்தா என் பேரு வந்திருக்கும்லா? காத்துக் கெடந்து எனக்கு என்ன கெடைச்சுது?”

ஜெனோவா தன் கேமராவை உறைக்குள் வைத்து மூடினாள்.

“பேரு அவருக்குக் கெடைச்சிட்டு அண்ணாச்சி,” என்றாள். “அந்தக் கட்டைக்கு என்ன பெயின்ட் அடிச்சிருக்குன்னு அவர்ட்ட கேட்டுப் பாருங்க.”