மேசைமேல் கிடந்த சட்டம்

கோணமடுவு ஊர்ச்சபையில் ஐந்து பேர். ஐந்து பேரும் கூடி யோசித்தால், ஓர் ஆள் தனியாக யோசித்ததில் பாதி தேறும். அந்தச் சபைக்கு எழுத்தர் நாச்சிமுத்து.

ஐப்பசி மழையில் ஆறு நிறைந்து ஓடியது. செங்கோடன் தன் பரிசலில் பதினைந்து பேரை அடைத்து ஏற்றி, நடு ஆற்றில் கவிழ்த்தான். அதில் ஒருவராக இருந்து தண்ணீர் குடித்தவர் நாச்சிமுத்து. உடனே சபை ஒரு சட்டம் போட்டது. பரிசலில் எப்படி ஏறுவது என்கிற விதியை எழுத்தர் எழுதிச் சபையின் மேசைமேல் வைக்க வேண்டும். முப்பது நாள் அங்கே கிடந்து யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவும் சட்டமாகும்.

சட்டம் எழுதுவதில் தனக்கும் பங்கு வந்ததில் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு விம்மியது. 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று முத்து முத்தாக எழுதி மேசையில் வைத்தார். அதை யாரும் தொடாதபடி தலைவர் ராக்கியண்ணன் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் தன் குடையும் மேசைமேல் இருப்பதைக் கவனித்தார். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் காற்றடித்துக் காகிதம் தரையில் விழுந்தது.

"எடுத்து வெச்சிருங்களேன்," என்றாள் சபை உறுப்பினர் பாவாயி.

"எனக்கு வெக்கத்தானுங்களே அதிகாரம் குடுத்தீங்க," என்றார் நாச்சிமுத்து. "எடுக்கக் குடுக்கலையே."

"அதுவும் சரிதான். அதிகாரத்தை மீறிட்டா விதியே செல்லாதே."

இருவரும் காகிதத்தைக் கொஞ்ச நேரம் வருத்தமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

முப்பதாம் நாள் சபை கூடியது.

"மேசைமேல முப்பது நாள் கெடந்தது எது?" என்றார் தலைவர்.

"உங்க குடைதானுங்க," என்றார் நாச்சிமுத்து.

"யாராவது ஆட்சேபிச்சீங்களா?"

ஒருவரும் ஆட்சேபித்திருக்கவில்லை. ஆகவே குடைதான் சட்டம் என்று முடிவாயிற்று. தான் எழுதியது வீணானாலும் நாச்சிமுத்து கடமை தவறவில்லை. சட்டம் ஊருக்குத் தெரிய வேண்டுமே என்று குடையைத் தாம்பாளத்தில் வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றி வந்தார்.

"குடைக்கு எப்படிங்க கட்டுப்படறது?" என்று கேட்டான் செங்கோடன்.

சபை மத்தியானம்வரை விவாதித்தது. கடைசியில் பாவாயிதான் வழி சொன்னாள். "எல்லாரும் சட்டத்துக்குக் கீழதான் இருக்கணும். பரிசல்ல ஏறினவங்க ஒருத்தர்கூட குடைக்கு வெளிய தெரியக் கூடாது."

"எத்தனை பேரு ஏறலாமுங்க?" என்றார் நாச்சிமுத்து மெதுவாக.

"குடையில ஏதாவது எழுதியிருக்குதா?" என்றார் தலைவர்.

விரித்துப் பார்த்தார்கள். எழுதியிருக்கவில்லை.

மறுநாள் சந்தை. பரிசலின் ஓரத்தில் மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் குடையைக் கட்டினார்கள். சபையார், எழுத்தர், சந்தைக்குப் போகிறவர்கள் என்று பதினாறு பேர் ஏறினார்கள். நடு ஆற்றில் பாவாயி, "யாரோட முழங்கையோ சட்டத்துக்கு வெளிய இருக்குது," என்றாள். யாருடையது என்று தெரியாததால் பதினாறு பேரும் குடைப்பக்கம் நெருக்கினார்கள். பரிசல் சத்தமில்லாமல் கவிழ்ந்தது.

நல்லவேளை, அங்கே கழுத்தளவு தண்ணீர்தான். நாச்சிமுத்துவின் கழுத்து மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தாழ்வு. மூங்கிலோடு மிதந்து வந்த குடையைப் பிடிக்க அவர் எட்டினார்.

"வேண்டாமுங்க எழுத்தரே," என்று தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார் தலைவர். "சட்டத்தை யாரும் கையில எடுக்கக் கூடாது."

நாச்சிமுத்து மரியாதையாகக் கையை இழுத்துக்கொண்டு முழுகினார்.