குண்டூசிக்குப் பதில்

“தெரியுது டாக்டர். நல்லாவே குத்துது” என்றார் எசக்கிமுத்து.

பச்சைப் பொய். இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, டாக்டர் நிவேதனா குண்டூசியால் காலில் குத்தி “இப்போ?” என்று கேட்கும்போதெல்லாம் தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்டுக் கம்பத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். முதுகில் பட்டை ஒட்டி லேசாக மின்சாரம் விடுகிற ஒரு புது சிகிச்சை. அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியில் அவரும் சேர்ந்திருந்தார். அன்றைக்குக் கடைசிப் பரிசோதனை. வலது கால் முடிந்ததும் போன் வந்தது. டாக்டர் வெளியே போனார்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் ரஹ்மத் இருந்தாள். அவரை விட ரொம்பச் சின்னவள். பஸ் கவிழ்ந்ததில் அவளுக்கும் இதே அடி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் உட்காருவது, எல்லாமே அவருக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அதனால் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“அண்ணே, கண்ணை மூடுங்க. நான் குத்துறேன். இப்போ?”

“தெரியுது டீச்சர்.”

“இப்போ?”

“ம். தெரியுது.”

“கண்ணைத் திறங்க.”

அவள் இரண்டு கையாலும் ஜடை பின்னிக்கொண்டிருந்தாள்.

எசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“சரி, பொய்தான். என்ன இப்போ? எனக்கு முதுகுல புண்ணு வந்தப்போ வீட்டு ஆளுகளே மூக்கைப் பொத்துனாங்க. டாக்டரம்மா பொத்தல.”

“நான் எப்போ பொத்துனேன்?” என்றாள் பேச்சியம்மாள்.

“உன் தம்பியச் சொன்னேன். டீச்சர், அந்தப் புள்ள முகத்தைப் பாத்து ஒண்ணும் தெரியலன்னு எப்படிச் சொல்ல? நன்றின்னு ஒண்ணு இருக்குல்லா?”

ரஹ்மத் பின்னலை முடிச்சுப் போட்டாள்.

“நானும் ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்ணே. யாருன்னுதான் தெரியாது.”

“என்ன செஞ்சாரு?”

“நான் வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு மாத்திரையைச் சோதிச்சுப் பாத்தாங்க. காலு வெட்டி வெட்டி இழுக்குதுல்ல, அதுக்கு. யாரோ டாக்டர் முகத்துக்கு நேரா, ‘இழுப்பு நிக்கல, நாள் பூரா தூக்கந்தான் வருது’ன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் சில பேரும் சொல்லியிருக்காங்க. அந்த மாத்திரையையே விட்டுட்டாங்க. எனக்குக் கொடுக்கல. நான் முழிச்சிருக்கேன். முழிச்சிருக்கப் போய்த்தான் உங்களுக்குச் சொல்லித்தர முடியுது.”

அவர் தன் வலது காலைப் பார்த்தார்.

“அப்போ டாக்டரம்மாவுக்கு நான் என்னதான் செய்ய?”

“அவங்க உங்க காலைத்தான் கேட்டாங்க. கால் பதில் சொல்லட்டும். உங்களுக்கு நன்றி சொல்லணும்னா டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்க.”

டாக்டர் திரும்பி வந்தார். “இடது கால் பாக்கலாமா?”

“வலதையும் மொதல்ல இருந்து பாருங்க டாக்டர். நான் சொன்னது எல்லாம் தப்பு.”

டாக்டர் அவரைப் பார்த்தார். எழுதியிருந்ததை அடித்தார்.

“நல்லவேளை சொன்னீங்க. இந்தத் தடவை நான் கேக்க மாட்டேன். தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க.”

எசக்கிமுத்து கண்ணை மூடினார். குண்டூசி பெருவிரலில் பட்டது. பாதத்தில் பட்டது. முழங்காலில் பட்டது. டாக்டரின் முகம் வாடுவதை அவர் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவர் காதில், “ஒரு இடத்துலயாவது தெரியுதுன்னு சொல்லுங்க, பாவம்” என்றாள்.

அவர் சொல்லவில்லை.