செம்பி காத்த கூடு

குளக்கரை நாவல் மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தன. அதன் வாசல் காவல்காரி செம்பி. அவளிடம் கடிபடாமல் ஒரு ஈகூட உள்ளே நுழைந்ததில்லை.

ஒருநாள், பார்க்க எறும்பு போலவே இருக்கும் ஒரு சிலந்தி கூட்டத்தோடு கலந்து உள்ளே போய்விட்டது. அவசரமே படாமல், நாளுக்கு ஒரு குஞ்சாகத் தின்றது. செம்பி அதை வாசனையால் கண்டுபிடித்துத் துரத்தினாள். அது தோலை உரித்துப்போட்டு வேறு வாசனையோடு வந்தது. மறுபடியும் கண்டுபிடித்தாள். மறுபடியும் அது மாறியது.

இப்படியே மாதங்கள் ஓடின. கடித்துக் கடித்துச் செம்பிக்கும் அவளோடு காவல் காத்த தோழிகளுக்கும் தாடைகள் மரத்துப்போயின. அந்தச் சண்டையில் கூட்டின் சுவர்களும் கிழிந்தன. கிழிந்த இடமெல்லாம் ஒட்டுப்போட்டதில் கூடு விறைத்துக்கொண்டே வந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், சிலந்தி கண்ணெதிரே நடந்துபோனபோதும் செம்பியால் தாடையை விரித்துக் கடிக்க முடியவில்லை.

அவள் நேராக ராணியிடம் போனாள்.

"அம்மா, இனி என்னால் முடியாது. நீலக் குளவியைக் கூப்பிடுங்கள்."

காவல்காரி பேசுகிற பேச்சா இது என்று மற்ற எறும்புகள் முணுமுணுத்தன. ராணியும் தயங்கினாள். "குளவி நமக்கு அந்நியம் இல்லையா?"

"அந்நியம்தான். ஆனால் அவளுக்கு இரை சிலந்தி மட்டுமே. அது எந்த வேடம் போட்டாலும் அவள் கண்ணிலிருந்து எட்டுக் காலை மறைக்க முடியாது. அவளை நம்மவர்கள் கடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

குளவி வந்தாள். பதறிப்போய் அவள்மேல் பாய்ந்த எறும்புகளுக்குக் குறுக்கே செம்பி நின்றாள். அவளுக்கே நான்கைந்து கடி விழுந்தது; நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் குளவி சிலந்தியைக் கொட்டி, வெளியே இழுத்துப்போனாள்.

அன்றிலிருந்து ஒரு குஞ்சும் குறையவில்லை. செம்பியின் தாடைக்கு மெல்ல மெல்லப் பலம் திரும்பியது. அவள் தோழிகள் சிலருக்குப் பழைய பலம் வரவேயில்லை. விறைத்த சுவர்களும் உடனே இளகவில்லை. ஓய்வெடுத்துக்கொள் என்றாள் ராணி. இன்னொரு சிலந்தி வராது என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, செம்பி வாசலுக்கே போனாள். முணுமுணுத்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.

தன் பலம் ஓய்ந்ததை ஒளிக்காமல் சொல்லி, தக்க துணையை அழைப்பதும் வீரமே.