பாயசம் தின்ற கிருமி

அந்தக் காலத்தில் கிருமிக்கும் பேச்சு வரும். கண்ணுக்குத் தெரியாதே தவிர, பேச்சில் யாருக்கும் சளைத்ததில்லை.

அப்போது பிச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். எங்கே கல்யாணம் என்றாலும் முதல் பந்தியில் அவரைப் பார்க்கலாம். ஒருநாள் பாயசம் அபாரமாக அமைந்துவிட்டது. கை கழுவியவர் வாயைக் கொப்பளிக்காமல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"கொப்பளிச்சிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி தையல்நாயகி.

"ருசி போயிடும்டி."

சாக்கடை ஓரத்தில் ஒண்டியிருந்த ஒரு கிருமி இதைக் கேட்டுவிட்டது. "ஐயா, உங்க வாயில ஒரு ஓரம் கொடுங்க. அந்த ருசியை நான் காவல் காக்கிறேன். நீங்க கொப்பளிக்காம இருந்தா போதும்."

பிச்சாண்டிக்கு ஒரே குஷி. "தாராளமா வா. இனி நீ என் விருந்தாளி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கலாமா அப்படி ஒரு வாக்கை?

கிருமி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியேறியது. மறுநாளே அதன் மாமன், மச்சான், சித்தப்பன் குடும்பம் எல்லாம் வந்து இறங்கின. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலி, நாற்றம் அப்படி. சில கிருமிகள் ரத்தத்தோடு ரத்தமாக உடம்பைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின. அவருக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சு படபடத்தது, பல் ஆடியது.

மகள் கல்யாணமோ நெருங்கிவிட்டது. சம்பந்தி வீட்டுச் சீர் முறுக்கைப் பெண்ணின் அப்பா எல்லார் எதிரிலும் கடிக்க வேண்டும். கடிக்காவிட்டால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"போயிடுப்பா" என்று கிருமியிடம் கெஞ்சினார்.

"விருந்தாளியை யாராவது துரத்துவாங்களா ஐயா?"

பிச்சாண்டி வேப்பமரத்தடியில் போய் அழுதார். வேம்பு சிரித்தது. "துரத்தாதே. விருந்தாளிக்கு விருந்து போடு. பாயசத்துக்குப் பதிலா என்னைப் பரிமாறு. நீ சாப்பிட்டதும் கொப்பளிச்சு, மிச்சம் மீதி இல்லாம பண்ணிடு."

மறுநாள் விடிந்ததும் தையல்நாயகி வேப்பங்குச்சி ஒடித்துக் கொடுத்தாள். பிச்சாண்டி அதை மென்று ஈறெல்லாம் தேய்த்தார். "இதையெல்லாம் ஒரு கிருமி தின்னுமா!" என்று உள்ளே ஒரே கூச்சல். தினமும் அதே கசப்பு. கடைசியில் எல்லாம் மூட்டை கட்டின. "ஒருநாள் சோம்பிப் பாருங்க, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போயின. ஈறு வீக்கம் வற்றி, ஆடிய பல்லும் கெட்டிப்பட்டது.

கல்யாணத்தில் பிச்சாண்டி முறுக்கைக் கடித்த சத்தம் நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது. தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. பாயசம் குடித்த கையோடு அவர் தண்ணீர்க் குடத்தைப் பார்த்து ஓடினார்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், விடிந்ததும் பல் தேய்க்கும் வழக்கமும் இலையை விட்டு எழுந்ததும் தவறாமல் கொப்பளிக்கும் வழக்கமும். சோம்பினவரின் ஈறில் இன்றைக்கும் ரத்தம் கசிகிறதே, அது பழைய விருந்தாளி திரும்பி வந்து பாயசம் கேட்பதுதான்.