நாலு கிலோ கட்டை

உதகைக்கும் மேலே, தை மாதம் புல்லெல்லாம் வெளுத்துப்போய் உறைபனி விழுகிற மலையில் ஒரு மடம் இருந்தது. எட்டுப் பேர். குளிர்காய ஒரே ஒரு இரும்பு அடுப்பு. மடத்துத் தலைவி செங்கமலத்தம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த பேச்சிமுத்துவுக்கோ அறுபத்தொன்று.

பேச்சிமுத்து முப்பது வருஷம் மர டிப்போவில் லாரி எடை போட்டவர். லாரி வளைவில் திரும்பும்போதே எடையைச் சொல்லிவிடுவார். சொன்னது சரியாகவும் இருக்கும். அந்தப் பெருமையைப் பத்துத் தடவை சொல்லாமல் விடமாட்டார் என்பதுதான் தொல்லை. "ஐயா அளக்க ஆரம்பிச்சிட்டார்" என்று மற்றவர்கள் நழுவிவிடுவார்கள்.

போன வருஷம் தை பாதியிலேயே விறகு தீர்ந்துபோனது. மடத்திலேயே மூத்தவரான மாடத்தியம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டி, அவர் பிழைத்து எழுந்ததே பெரிய விஷயம். நெருப்பில்லாத இன்னொரு குளிரை அந்த உடம்பு தாங்காது. எல்லோருக்கும் அது தெரியும். இந்த வருஷ விறகுப் பொறுப்பைப் பேச்சிமுத்து தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவணிக் கடைசியில் அம்மையைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். புதிதாக வெட்டிப் பிளந்த கற்பூர மர, அதாவது யூகலிப்டஸ், கட்டைகள், ஆள் உயரத்துக்கு.

"அக்கம்பக்கத்துல வாங்கின பழைய காய்ஞ்ச விறகை நிறுத்துப் போட்டுப் பார்த்தேன் தாயே. அடுப்பு நாளைக்குப் பதினஞ்சு கிலோ தின்னுது. கார்த்திகையிலிருந்து தொண்ணூறு நாளைக்கு ஆயிரத்து முன்னூத்தம்பது. நான் ஒன்றரை டன் அடுக்கியிருக்கேன். போதும்தானே?"

அம்மை ஒரு கட்டையை உருவி நீட்டினார்.

"இது எவ்வளவு?"

பேச்சிமுத்து அதைக் கையில்கூட வாங்கவில்லை. "நாலு கிலோ."

தராசில் வைத்தார்கள். நாலேதான்.

அம்மை அந்தக் கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். "மூணு வாரம் போகட்டும். அப்புறம் கேளுங்க."

பேச்சிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் போய்ப் போய்ப் பார்த்தார். கட்டை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து இறக்கி நிறுத்தார்கள். இரண்டு கிலோவும் கொஞ்சமும்.

தராசு கெட்டுவிட்டது என்றார் பேச்சிமுத்து. எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரியாக இருந்தது. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே நீளம், அதே பட்டை, ஒரு சிராய்கூடப் பெயரவில்லை.

காய்ந்தால் கொஞ்சம் குறையும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பாதியா? டிப்போவில் வந்த அன்றே எடை போட்டு அன்றே அனுப்பிவிடுவார்கள். எந்தக் கட்டையையும் அவர் ரெண்டாம் முறை நிறுத்ததில்லை.

"மீதி எங்கே போச்சு தாயே?"

அம்மை கொட்டகைக் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

காலை வெயில் அடுக்கின் மேல் விழுந்தது. சற்று நேரத்தில் கட்டைகளின் வெட்டுவாயிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பியது. பிறகு அடுக்கு முழுவதும் புகைந்தது. ஒரு சத்தம் இல்லை. முக்கால் டன், தூக்க ஆளில்லாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பேச்சிமுத்துவின் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

"இது மார்கழியோட தீர்ந்திடும். மாடத்தியம்மாளை நானே கொன்னிருப்பேன் தாயே."

"இப்போ புரட்டாசிதானே. இன்னும் இவ்வளவு வெட்டி அடுக்குங்க. காய நாள் இருக்கு."

பேச்சிமுத்து ஆவி ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மையிடம் திரும்பினார்.

"அப்போ முப்பது வருஷமா நான் சொன்ன எடையெல்லாம் தப்பா?"

"ஒரு கிலோகூடத் தப்பில்லை ஐயா," என்றார் அம்மை. "அதில் எவ்வளவு எரியும்னுதான் உங்களை யாரும் கேட்கலை."