சங்கிலியும் தாழ்ப்பாளும்

தெற்கே ஒரு காப்பகம் இருந்தது. மனம் பேதலித்தவர்களை உறவுக்காரர்கள் அங்கே கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அங்கிருந்த ஒரு சங்கிலி, அஞ்சுகம் என்ற பெண்ணின் கணுக்காலைப் பல வருடங்களாகப் பிடித்திருந்தது.

அந்த வேலை சங்கிலிக்குப் பிடிக்கவில்லை. அவள் கால் புண்ணாகி நீர் வடியும்போதெல்லாம் கூசிப்போகும்.

"நாம விட்டுட்டா இவ ரோட்டுல ஓடி லாரியில அடிபடுவா. பேசாம இரு" என்று பூட்டு அதட்டும்.

ஒருநாள் ஜெசிந்தா வந்தாள். மனநலச் சிகிச்சை முறையை மாற்றப் பாடுபடும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவள். காப்பகக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவள் திரும்பத் திரும்ப வந்தாள். அதிகாரிகளிடம் நடையாய் நடந்தாள், கோர்ட்டுக்குப் போனாள். கடைசியில், யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பூட்டைத் திறந்த பிறகும் அஞ்சுகம் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஜெசிந்தாதான் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். தரையில் கிடந்த சங்கிலிக்கு அன்றுதான் மூச்சு வந்தது.

மாத்திரையில் அஞ்சுகம் தேறினாள். அண்ணன் செல்லையாவின் வீட்டிலிருந்து களையெடுக்கவும் போனாள். சங்கிலியை ஜெசிந்தா எடுத்துக்கொண்டாள், கூட்டங்களில் காட்டுவதற்கு.

மறுவருடம் அவளுக்கு ஒரு பாராட்டு விழா. போகும் வழியில் செல்லையாவின் வீட்டில் இறங்கினாள். பின்கட்டு அறை சாத்தியிருந்தது. உள்ளே யாரோ முனகினார்கள். கையிலிருந்த பையைக் கதவோரம் வைத்துவிட்டு அவள் செல்லையாவைத் தேடிப் போனாள்.

"உள்ளே யாரு?" என்று பைக்குள்ளிருந்து சங்கிலி கேட்டது.

"அஞ்சுகம்" என்றது கதவிலிருந்த புதுத் தாழ்ப்பாள்.

"கட்டக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே?"

"அது உனக்குத்தான். நான் தாழ்ப்பாள். என்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே."

செல்லையா தலையைக் குனிந்தபடி வந்தார். "சுகாதார நிலையத்துல மாத்திரை வரலைன்னு திருப்பி அனுப்புறாங்கம்மா. போன வாரம் எங்க கைப்பிள்ளையத் தூக்கிட்டுக் கிணத்துப் பக்கம் போயிட்டா. நானும் எம் பெஞ்சாதியும் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். இப்பவே திறந்து விடுறேன். நீங்க கூட இருந்து பார்த்துக்குவீங்களா?"

ஜெசிந்தா உள்ளே போய் அஞ்சுகத்தின் தலையைக் கோதியபடி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வெளியே வந்ததும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையில் ஓர் அதிகாரி பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓயும் முன்பே ஜெசிந்தா, "சார், மாத்திரை வந்து ரொம்ப நாளாச்சு. வீட்டுக்குப் போனவங்களையெல்லாம் மறுபடி அடைச்சு வைக்கிறாங்க" என்றாள்.

"அதை அப்புறம் பேசிக்குவோம்மா. முதல்ல அந்தச் சங்கிலியை எடுங்க. போட்டோவுல நல்லா விழணும்."

அவள் கையிலிருந்த சங்கிலி தன் பாரம் முழுவதையும் கொண்டு கீழே இழுத்துப் பார்த்தது. அதிகாரி தாமே ஒரு நுனியைப் பிடித்து உயரத் தூக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.